கரித்துண்டும் ஊதா நிறமும்

என் வலது முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்கு எலும்பே கிடையாது. லாரி நொறுக்கியதை டாக்டர் பொறுக்கி எடுத்துவிட்டார். வெளியே மாட்டிய கம்பிக்கூடுதான் காலைக் காலாக வைத்திருக்கிறது.

எலும்பு டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "முட்டிக்குக் கீழ எடுத்துடலாம். முட்டி தப்பிச்சா செயற்கைக் கால் போட்டு மாடி ஏறலாம், சைக்கிள்கூட ஓட்டலாம். தள்ளிப்போட்டா சீழ் மேல ஏறிடும்."

நான் தலையாட்டிவிட்டேன். அக்காதான் குறுக்கே விழுந்தாள்.

அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் கரியின் மேல் எலும்பு வளர்க்கிறார்கள். அடுப்புக்கரி இல்லை, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான கரி. என் காலின் இடைவெளிக்கு அளவெடுத்து ஒரு துண்டு வார்த்துக் கொண்டுவந்தாள். கையில் வைத்தால் எடையே தெரியவில்லை.

"கட்டடத்துக்குச் சாரம் கட்டுவாங்கல்ல, அது மாதிரிடா. எலும்பு செல் இதுல ஏறி உக்காந்து வளரும். மனுஷங்களுக்கு வைக்க ஆரம்பிச்சா முதல் ஆள் நீதான். கொஞ்சம் பொறு."

"சரிடி, கரிக்கடைக்காரி" என்றேன்.

பொறுத்தேன். கரி கறுப்பு என்பதால் மைக்ராஸ்கோப்பில் உள்ளே ஒன்றும் தெரியாதாம். அதனால் ஒரு மஞ்சள் திரவத்தை ஊற்றுவார்கள். செல் உயிரோடு இருந்தால் அது ஊதாவாக மாறும். கரித்துண்டுகளைக் குழிகுழியான ஒரு தட்டில் போட்டுச் சோதிப்பார்கள்; அக்கா தினமும் அந்தத் தட்டைப் படம் பிடித்துப் போனில் அனுப்புவாள். எல்லாக் குழியும் நல்ல ஊதா. டாக்டர் ஒவ்வொரு முறையும் எச்சரித்தார். நான் அந்தப் படங்களை நீட்டி அவர் வாயை அடைத்தேன். காய்ச்சல் வந்து வந்து போனது. எனக்கு அது பொருட்டாகவே படவில்லை. ஊதாதான் இருக்கிறதே!

ஒருநாள் அக்கா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆய்வுக்கூடக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"செல்லு பூஞ்சை புடிச்சிடுச்சுடா. தூக்கிப் போட்டுட்டேன். செல் ஏத்தாத வெறும் கரி மட்டும் மிச்சம் இருந்துச்சு. மஞ்சள் தண்ணி வீணாப் போகுதேன்னு அதுல ஊத்தினேன்."

"அதுக்கென்ன?"

"ஊதாவா மாறிடுச்சு."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். அந்தத் திரவத்தைக் கரியே ஊதாவாக்கிவிடுமாம், செல் எதுவும் தேவையில்லை. கரி இல்லாமல் செல்லை வைத்துப் பார்த்திருந்தார்கள். செல் இல்லாமல் கரியை வைத்துப் பார்க்க அத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு பழைய துண்டுகளை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"உள்ள எல்லாம் செத்துக் கெடக்கு. ஒண்ணுகூட வளரல. திட்டுடா என்னை. வாயைத் தொறந்து திட்டு."

திட்ட வரவில்லை. அந்தப் படங்களில் நானும்தான் குடியிருந்தேன். ஆனால் அவள்மேல் ஆத்திரம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். தலையணைக்கு அடியில் வைத்திருந்த கரித்துண்டை எடுத்து நெரித்தேன். பொடிப்பொடியாக உதிர்ந்தது. அக்கா போர்வையைத் தட்டிவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். 'அப்பவே சொன்னேனே' என்று குத்திக்காட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

"முட்டியும் போயிடுச்சு தம்பி. தொடையிலதான் வெட்டணும்."

நர்ஸ் இல்லாததால் காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டார். தோலில் குறியிடும் பேனாவைத் திறந்து, முட்டிக்கு நன்றாக மேலே கோடு போட ஆரம்பித்தார். மை ஊதா நிறம். நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

கோடு கோணலாகப் போனது.

"காலை ஆட்டாம புடிங்கம்மா" என்றார் டாக்டர்.