திருஷ்டிக் கயிறு

ஜெயந்தின் பழைய காரில் முகப்பு விளக்குகள் பொத்தானை அழுத்தினால்தான் மேலே எழும்பும். இன்று ஒன்று பாதியிலேயே சிக்கிக்கொண்டது. திருப்போரூர் பட்டறைக்குப் போய் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான்.

"போன வாரம் நீ கை வச்சதுலதான்யா கெட்டுப்போச்சு!"

மெக்கானிக் பூபாலன் பானட்டைத் திறந்து, விளக்கின் மோட்டாரைக் கையால் திருகினான். விளக்கு எழும்பியது. கூடவே நசுங்கிய எலுமிச்சையும் மிளகாயும் கயிறோடு வந்தன.

ஜெயந்துக்கு முகம் தொங்கிவிட்டது. கட்டியது அவனேதான். "வண்டி சூப்பரா கீது சார்" என்று அன்று பூபாலன் வாய்விட்டுச் சொன்னதற்காக, வீட்டுக்குப் போன கையோடு கட்டியது.

"எவன் கண்ணு பட்டுச்சோ!" என்றான் பூபாலன். "புதுசா ஒண்ணு வாங்கி நம்பர் பிளேட்டாண்ட கட்டிக்கோ சார்."