இரண்டு மழைக்காலத்தில் மட்டி திரும்பும்

கடலே இல்லாத புனேயில் உட்கார்ந்துகொண்டு கடல் ஆராய்ச்சியா என்று கீழக்கரைச் சொந்தக்காரர்கள் ருக்ஷானாவைக் கேலி செய்வதுண்டு. ஆனால் எங்கெங்கோ இருந்த கடலுயிர் ஆய்வாளர்களுக்கு அவள் பெயர் தெரிந்திருந்தது. எல்லாம் ஒரே ஒரு கட்டுரையால்.

கொங்கண் கரையில் ஒரு கழிமுகத்தைத் தூர்வாரியபோது சேற்றில் வாழும் மட்டிச் சிப்பிகளின் படுகை ஒன்று அழிந்துபோனது. இரண்டு மழைக்காலம் கழித்து அது பழையபடி நிறைந்துவிட்டதை, முழங்கால் சேற்றில் நின்று எண்ணி எழுதியிருந்தாள். எப்படித் திரும்பியது என்பதையும் எழுதியிருந்தாள். சற்று மேலே கைபடாத இன்னொரு படுகை இருந்தது. அங்கிருந்துதான் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்து இறங்கின. அந்தத் தாய்ப்படுகை இல்லாவிட்டால் ஒன்றுமே திரும்பியிராது. அந்தப் பத்தியை வாசித்தவர்கள் குறைவு. ‘இரண்டு மழைக்காலத்தில் மட்டி திரும்பும்’ என்ற முடிவை மட்டும் ஊரெல்லாம் எடுத்தாண்டது.

அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை என்று நிறுவனம் அவளுக்குச் சால்வை போட்டது. அன்றுதான் உடன் வேலை செய்யும் அம்ருதா உற்சாகமாக ஓர் அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினாள். அதே கழிமுகத்தில் துறைமுகம் வரப்போகிறது. இரண்டு படுகைகளையும் தோண்டப்போகிறார்கள். மட்டி இரண்டு மழைக்காலத்தில் திரும்பிவிடும் என்று ருக்ஷானாவின் பெயரோடு போட்டிருந்தது. துறைமுகக் கம்பெனிக்காக அதை எழுதியவன் ஸ்ரேயஸ், அவளிடம் முதன்முதலாக ஆய்வுப் பட்டம் வாங்கியவன்.

சால்வையை மேசையிலேயே விட்டுவிட்டு லோஹேகாவில் இருந்த அவன் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தாள். கதவைத் திறந்த ஸ்ரேயஸுக்கு அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று புரிந்துவிட்டது.

“மேடம், நான் ஒரு வேர்ட்கூட மாத்தலை. உங்க சென்டன்ஸ்தான் அது.”

“அதுக்கு அடுத்த சென்டன்ஸ் எங்கப்பா?”

“கிளையண்ட் சுருக்கமா கேட்டாங்க...”

“மேல் படுகையில குஞ்சு எண்ணுனது யாரு? நீதானே? கால்ல சிப்பி கிழிச்சு ரத்தத்தோட நின்னு எண்ணுனியே.”

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “அது அவ்ளோ இம்பார்ட்டன்ட்னா நீங்க டைட்டில்லயே போட்டிருக்கலாமே, மேடம்.”

அறைந்தது போலிருந்தது. தலைப்பு கச்சிதமாக இருக்கட்டும் என்று நினைத்தவள் அவள்தான். வந்த காபியைத் தொடாமல் எழுந்துவிட்டாள்.

அனுமதி வழங்கும் குழுவுக்கு விரிவாக எழுதினாள். கிடைத்தது என்று பதில் வந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. தோண்டும் கப்பல் வந்து நின்றது.

தோண்டும் வேலை முடிந்த பிறகு, ஒவ்வொரு மழைக்காலம் ஓய்ந்ததும் கொங்கணுக்குப் போனாள். முதல் வருடம் வெறும் சேறு. இரண்டாம் வருடமும் வெறும் சேறு. மட்டி பொறுக்கக் கூடை எடுத்து வரும் பெண்கள் யாரையும் காணவில்லை. பார்த்ததை எல்லாம் கணக்கும் படமுமாகக் கட்டுரையாக்கி, பழைய கட்டுரை வந்த அதே இதழுக்கு அனுப்பினாள். அங்கே கட்டுரையை மதிப்பிடுகிறவர்களுக்கு எழுதியது யாரென்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை மறுப்பு வந்தது. புனேயின் கோந்த்வா பகுதியில் இருந்த வீட்டில் கணவர் யூசுஃப் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

“என்ன போட்டிருக்கான்?” என்றார்.

தமிழில் சொன்னாள். “‘இந்தத் துறையில சந்தேகத்துக்கு இடமில்லாம நிறுவப்பட்ட ருக்ஷானாவோட முடிவுக்கு இது நேர்மாறா இருக்கு. ஆசிரியர் முதல்ல அந்தக் கட்டுரையக் கவனமாப் படிக்கணும்.’”

யூசுஃபுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அட, உன்னையவே உன்னையப் படிக்கச் சொல்றானா?” என்றவர் அவள் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

இன்னும் இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் பெயர் தெரியாத ஒரு சிறிய இதழ் போட்டது. எவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய கட்டுரைக்கு மட்டும் மாதந்தவறாமல் புதுப்புது மேற்கோள்கள் வந்துகொண்டிருந்தன.

ஒருநாள் சாயங்காலம் ஸ்ரேயஸ் கூப்பிட்டான். குரலில் பழைய மாணவனின் குழைவு.

“மேடம், இன்னொரு போர்ட் ப்ராஜெக்ட். இந்தத் தடவை உங்க புது பேப்பரையும் போட்டுட்டேன். ‘இதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு’ன்னு ரெண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கேன்.”

“எந்த ஆய்வாளருக்கும் எந்த ஆய்வாளருக்கும்?”

“அது... உங்களுக்கும்...” அவன் நிறுத்திக்கொண்டான்.

“எந்தக் கழிமுகம்?”

“ஸாரி மேடம். அது கான்ஃபிடென்ஷியல்.”

வைத்துவிட்டான்.

“யாரு போன்ல?” என்று உள்ளேயிருந்து யூசுஃப் கேட்டார்.

“என் ஸ்டூடன்ட்,” என்றாள். “நான் எழுதுன ரெண்டையும் படிச்சவன் அவன் ஒருத்தன்தான்.”