முழுக்கை வைத்த நீல உடை

"முதுகுப் பக்கமா ஒரு கோடு வெட்டிடலாம் சார்," என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் தன் பெட்டியில் கத்தரிக்கோலைத் தேடினாள். "முன்னாடிலேருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. நாங்க வழக்கமா அப்படித்தான் செய்வோம்."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த, கட்டிலில் கிடப்பவளின் அக்கா, கையிலிருந்த நீல உடையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வெட்டறதா? புதுசு மாதிரி இருக்கற துணிய? அவ என்ன பொம்மையா?"

 அந்தப் பெண் அடக்க ஏற்பாடுகளைச் செய்துதரும் நிறுவனத்திலிருந்து வந்தவள். எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும், எந்தக் கேள்விக்கு வேண்டாம் என்பது அவளுக்கு அத்துப்படியாக இருந்திருக்க வேண்டும். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, கட்டிலின் கால்மாட்டில் நின்ற, இறந்தவளின் கணவரைப் பார்த்தாள். முடிவு சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். முப்பது மாடி, நாற்பது மாடிக் கட்டடங்களிலெல்லாம் லிஃப்டை ஏற்றி இறக்குகிறவருக்கு, தன் வீட்டு இரண்டாவது மாடிக்குப் படியேறினால் மூச்சு வாங்கும். முடிவு எடுப்பதும் அவருக்கு அப்படித்தான். இந்த வீட்டில் அதையெல்லாம் கட்டிலில் கிடப்பவள்தான் செய்துகொண்டிருந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் அவள் போய்விட்டாள். எல்லாரும் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகத்தான். மருத்துவர் இரண்டு முறை கைவிரித்த பிறகும் அந்த இதயம் தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. "ஓடி ஓடிப் பழகின இதயம். அதான் இழுக்குது," என்றார் மருத்துவர், குற்றமா பாராட்டா என்று புரியாத குரலில். கூட ஓடுகிறவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் டீசல். கிளம்ப நேரமாகும், கிளம்பிவிட்டால் நிற்காது.

நீல உடை அக்கா வாங்கிக் கொடுத்தது. முன்பக்கம் கழுத்திலிருந்து கீழே வரை பட்டன். மணிக்கட்டுவரை குறுகிக்கொண்டே போகும் கை. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வந்தது. ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்து, "தோள் பிடிக்குதுங்க," என்று கழற்றி மாட்டினாள். நீச்சல் பழகியதில் தோள் அகன்றுவிட்டிருந்தது. நோய் உடம்பிலிருந்த சதையையெல்லாம் சுரண்டி எடுத்துக்கொண்டது, ஆனால் தோள் எலும்பை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கைகளும் இப்போது விறைத்திருந்தன.

காலையில் அவர் வேறு ஒன்றைத்தான் எடுத்து வைத்தார். அவளோடு ஓடும் குழுவினர் கொடுத்த ஓட்டச் சட்டை. அரைக்கை, தொளதொள என்று சுலபமாக ஏறிவிடும். அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"பனியனோடயா அனுப்பப் போறீங்க, தம்பி?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அக்காவோடு வாதாடி ஜெயித்தவர் அந்தக் குடும்பத்தில் ஒருவர்தான். அந்த ஒருவரும் இப்போது பேசுகிற நிலையில் இல்லை.

"சொல்லுங்க சார்," என்றாள் நிறுவனத்துப் பெண். "வண்டி வந்துரும்."

"வெட்ட வேண்டாம்," என்றார் அவர். "நானே போட்டு விடறேன்."

அக்கா அவரைத் தலை முதல் கால்வரை பார்த்தாள்.

"நீங்களா? உங்க சட்டை பட்டனே உங்களுக்கு நேராப் போட வராது."

அவர் குனிந்து பார்த்தார். இன்றைக்கும் ஒரு பட்டன் மாறித்தான் போயிருந்தது. அதைச் சரிசெய்யாமலே சமையலறைக்குப் போனார்.

போகிற வழியில் சுவரோரம் அவளுடைய சைக்கிள். வந்ததிலிருந்து அக்கா அதில் இரண்டு முறை முழங்காலை இடித்துக்கொண்டு, இரண்டு முறையும் அதை மனிதரைத் திட்டுவதுபோல் திட்டினாள். ஒருவகையில் அவள் கணக்கில் குற்றவாளியே அதுதான். நீந்துவது, சைக்கிள் மிதிப்பது, ஓடுவது, மூன்றையும் இடையில் நிறுத்தாமல் அடுத்தடுத்துச் செய்யும் அந்தப் போட்டிக்கு டிரையத்லான் என்று ஒரு பெயர் இருப்பதை அக்கா ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. "அந்த மூணு வேலை" என்றுதான் சொல்வாள். "வீட்டுல இருக்கற வேலை போதாதுன்னு அந்த மூணு வேலை வேற!"

தங்கை ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தவள். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில், முகம் தெரியாதவர்களிடம் தொலைபேசியில் திட்டு வாங்குவது. ஒருநாள் வேலை முடிந்ததும் பஸ் ஏறாமல் வீடுவரை நடந்தாள். அப்புறம் கொஞ்சம் ஓடினாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அவசரமாகத் திரும்பி வந்து ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. ஓட்டம் சைக்கிளைக் கூட்டிவந்தது, சைக்கிள் நீச்சல் குளத்தைக் கூட்டிவந்தது. பழைய சைக்கிள், இன்னொருத்தியிடம் வாங்கிக் கால் பக்கம் வெட்டிக் குறைத்த, நீந்தப் போடும் ரப்பர் உடை, முடிச்சுப் போடத் தேவையில்லாமல் ரப்பர் கயிறு கோத்த காலணி என்று வீட்டுக்குள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முதல் போட்டியில் கடைசிக்கு முந்தின ஆள். பின்னால் வந்த ஒரே ஒருவருக்கும் வயிற்றுப்போக்கு. அடுத்தடுத்த வருஷங்களில் நடுக்கூட்டத்துக்கு முன்னேறினாள். பரிசு, பதக்கம் என்றெல்லாம் அவளுக்கு ஆசை கிடையாது. ஆசை ஒன்றே ஒன்றுதான்: கடைசி ஓட்டத்தில் ஓர் அடிகூட நடக்காமல் முடிக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் கால் இரண்டும் வேறு யாருடையவோ போல இருக்கும் என்பாள். எங்காவது ஓரிடத்தில் நடந்துவிடுவாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதற்காக முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள்.

கடைசியாக ஓடிய போட்டியில் நடக்கவில்லை. "ஒரு எடத்துலகூட நடக்கல, பாத்தீங்களா?" என்றாள், எல்லைக்கோட்டைத் தாண்டி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு. "பாத்தேன், பாத்தேன்," என்றார் அவர். அவர் நின்ற இடத்திலிருந்து வளைவும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்தான் தெரிந்தன. ஆனால் அவள் சொன்னால் அது நடந்ததுதான்.

போட்டி தொடங்கிவிட்டால் வெளியாள் யாரும் ஓடுகிறவரைத் தொடக் கூடாது. ஒரு குவளை தண்ணீர்கூட வேலிக்கு மேலே நீட்டக் கூடாது. அது விதி. அவருக்கென்று இருந்தது ஒரே வேலைதான்: தொடங்குவதற்கு முன்னால், கரையில் வைத்து அவளுக்கு அந்த ரப்பர் உடையை மாட்டிவிடுவது. தோலோடு ஒட்டிக்கொள்ளும் சனியன் அது. லேசில் ஏறாது, அவசரப்பட்டு இழுத்தால் நகம் பட்டுக் கிழிந்துவிடும். அதில் மட்டும் அவர் கெட்டிக்காரர். பக்கத்தில் தவித்துக்கொண்டிருக்கும் மற்ற பெண்கள்கூட, "சார், எனக்கும் கொஞ்சம்," என்று முதுகைக் காட்டி நிற்பார்கள்.

அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை உருவிக்கொண்டு அவர் படுக்கையறைக்குத் திரும்பினார்.

"பை எதுக்கு?" என்றாள் அக்கா.

"வழுக்கும்."

வேறு விளக்கம் சொல்லாமல் மனைவியின் வலது கையைத் தூக்கி, விரல்களைச் சேர்த்துக் குவித்துப் பையை மணிக்கட்டுவரை மாட்டினார். அக்காவிடமிருந்து உடையை வாங்கி, கைப்பகுதியை வளையல்போலச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைத்தார். விரல் நுனியின் சதையால் மட்டும் துணியைக் கிள்ளிக் கிள்ளி மேலே ஏற்றினார். அவர் அப்படி வேலை செய்து அக்கா பார்த்ததில்லை. மணிக்கட்டு தாண்டியது. முழங்கை தாண்டியது.

"மூச்ச விடு. கைய லூசா விடு," என்றார் அவர்.

சொன்ன பிறகுதான் அறையிலிருந்த மூவருக்கும் அது காதில் விழுந்தது. நிறுவனத்துப் பெண் பெட்டிக்குள் எதையோ தேடுகிறவளாகக் குனிந்துகொண்டாள். அக்காவின் உதடு துடித்தது. திட்டப் போகிறாள் என்று அவர் நினைத்தார். அவள் உடையின் மறு ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

வலது கை தோள்வரை ஏறிவிட்டது. நுனியில் எட்டிப் பார்த்த பையை இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தது. துணியில் ஒரு சுருக்கமில்லை.

"அட!" என்றாள் நிறுவனத்துப் பெண், தன்னை அறியாமல்.

செத்துக் கிடக்கிற மனைவியின் பக்கத்தில் நின்றுகொண்டு அவருக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டு பெண்களுமாக உடம்பை ஒருபக்கம் சாய்த்துப் பிடிக்க, உடையை முதுகுக்குக் கீழே தள்ளி அந்தப் பக்கம் எடுத்தார். பையை இடது கைக்கு மாட்டினார். அங்கேதான் வந்தது வினை. கையைப் பின்னால் கொண்டுபோனால்தான் துணியின் வாய் எட்டும். கை பின்னால் போகவில்லை. முழங்கை மடங்கினபடியே நின்றது. கொஞ்சம் அழுத்தினார். நீளவில்லை. உடையை இன்னும் இந்தப் பக்கம் இழுத்தால் வலது தோளில் தையல் நறநறத்தது. விட்டுவிட்டு மறுபடி முயன்றார். நெற்றி வியர்வை நீலத் துணியில் சொட்டி ஒரு கறுப்புப் புள்ளி ஆனது.

"பரவால்ல சார்," என்றாள் நிறுவனத்துப் பெண் மெதுவாக. "ஒரு கை போட்டீங்கல்ல. நான் பின்னாடி மட்டும் கொஞ்சம்..." கத்தரிக்கோல் அவள் கையில் வந்திருந்தது.

"இரும்மா, ஒரு நிமிஷம்."

ஒரு நிமிஷத்தில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் அவருக்கென்று இருந்தது இந்த ஒரு வேலை. மற்றதெல்லாம் வேலிக்கு வெளியே நின்று கைதட்டியது. இதையும் இன்றைக்குக் கோட்டை விட்டால், அவளுக்குத் தான் எதற்காக இருந்தோம் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. பையைக் கழற்றி மறுபடி மாட்டினார். 

"தம்பி," என்றாள் அக்கா. "அந்தக் கை நீளாது."

"விறைச்சிருக்கு. கொஞ்சம் தேச்சு விட்டா..."

"விறைப்பு இல்ல. அது எப்பவுமே நீளாது. நாலு வயசுல முறிஞ்ச கை. சரியாக் கூடல. ஸ்கூல் சட்டை நான்தான் போட்டு விடுவேன். எடது கைய முதல்ல விட்டுட்டு அப்புறம்தான் வலது. மாத்திப் போட்டா இப்படித்தான் நிக்கும். உங்களுக்குத் தெரியாதா?"

அவர் நிமிர்ந்து நின்றார். இடது முழங்கை முழுதாக நீளாது என்று அவருக்குத் தெரியும். நூறு தலைகள் ஒரே நிறத் தொப்பியோடு தண்ணீரில் மிதக்கும்போது, எது அவள் என்று அவர் கண்டுபிடிப்பதே அதை வைத்துத்தான். ஒரு கை மட்டும் கொஞ்சம் அகலமாகச் சுற்றி வந்து விழும். அது அவள். ஆனால் எந்தக் கையை முதலில் விடுவது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. கரையில் அவர் பையோடு நிற்பார். அவள் ஒரு கையை நீட்டுவாள். நீட்டிய கையில் மாட்டுவார். அது எப்போதும் இடது கையாகத்தான் இருந்திருக்கிறது என்பது இந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது.

"அவளேதான் நீட்டுவாக்கா," என்றார். "நான் போடுவேன். அவ்வளவுதான்."

குரல் பாதியில் உடைந்துபோயிற்று. நேற்றிலிருந்து அப்போதுதான் அவர் அழுதார். சத்தமில்லாமல், பை மாட்டிய கையைப் பிடித்தபடியே.

அக்கா கட்டிலைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையில் அத்தனை அழகாக ஏறியிருந்த துணியைத் தோளிலிருந்து மெல்ல இறக்கினாள். முழுவதும் கழற்றி, உதறி, இடது கைப்பகுதியைத் தேடி எடுத்துச் சுருட்டினாள்.

"தூக்கிப் பிடிங்க, இப்படி, நெஞ்சுக்கு நேரா. மடங்கினபடியே இருக்கட்டும்," என்றாள். நிறுவனத்துப் பெண் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்து தோளைத் தாங்கிக்கொண்டாள். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கீழே தெருவில் ஒரு வண்டி பின்னால் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை.

"நகம் படாம இழுக்கணும்க்கா," என்றார் அவர். "விரலோட சதை மட்டும்."

அக்கா துணியைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தாள். நகங்கள் நீளமாக இருந்தன. பிடியைத் தளர்த்தி, விரல்களைச் சாய்த்து வைத்துக்கொண்டு, மறுபடி பிடித்தாள்.