வீட்டுக்காரர் இன்னும் வரலை

ஐஸ்காரர் உயிரோடுதான் இருந்தார். நகராட்சி அலுவலகத்தின் வாடகை உரிமப் பிரிவில், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வியர்த்து வழிய நின்றிருந்தார். ஆனால் கோப்பின்படி அவர் கடலோடு போய்விட்டிருந்தார்.

"வீட்டு உரிமையாளர் கடலுக்குச் சென்றவர் திரும்பவில்லை. காணாமற்போனவர்" என்று எழுத்தரம்மா நிதானமாகப் படித்தார். "வீட்டைப் பார்க்க வந்த ஆய்வாளர் இப்படித்தான் எழுதியிருக்காரு. நீங்க யாருங்க?"

"நான்தாங்க அந்த உரிமையாளர்."

"அது எப்படிங்க?"

"எப்படின்னா? காலையில வீட்ல சாப்பிட்டுட்டுத்தாங்க வர்றேன்."

எழுத்தரம்மா அடையாள அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். ஆள் அவர்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கோப்புக்குத்தான் புரியவில்லை.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர் எல்லாரும் உரிமம் எடுக்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்ததிலிருந்து ஐஸ்காரர் நாயாய் அலைந்துவிட்டார். படகுகளுக்கு ஐஸ் உடைத்துப் போட்டே இடுப்பு போன மனிதர். மின்சாரச் சான்று, தீயணைப்புச் சான்று, உப்புக் காற்று தின்ற மாடிப்படிக் கம்பிக்குப் பதில் புதுக் கம்பி, எல்லாம் முடித்தார். கெடு இன்றைக்கு. உரிமம் இல்லாவிட்டால் நாளைக்கு மாடிக்குச் சீல் வைப்பார்கள்.

மாடியில் இருப்பது ஒரு பெண்ணும் அவளுடைய சின்ன மகளும். விடுதியில் துணி வெளுக்கிற வேலை அவளுக்கு. ஊரில் இருக்கிற வீட்டையெல்லாம் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுத் தொலைத்தாகிவிட்டது. சின்னக் குழந்தையோடு ஒருத்தி மாத வாடகைக்கு என்று போய் நின்றால், கதவைத் திறந்த கையோடு சாத்துவார்கள். 

தப்பு எங்கே நடந்தது என்று அவருக்கு அப்போதே பிடிபட்டுவிட்டது. ஆய்வாளர் வந்தபோது அவர் பெயின்ட் வாங்கப் போயிருந்தார். மனைவி கால்வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். வாசலில் இருந்தவள் மாடிப்பெண் மட்டும்தான். "வீட்டுக்காரர் எங்கேம்மா?" என்று அந்தப் புண்ணியவான் கேட்டிருக்கிறான். வீட்டின் சொந்தக்காரரை அவள் ஒருநாளும் வீட்டுக்காரர் என்று சொன்னதில்லை. அவரை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். வீட்டுக்காரர் என்றால் அவளுக்கு ஒரே ஆள்தான், கட்டின புருஷன். அவன் போன வருஷம் படகேறிப் போனவன். எல்லாருக்கும் சொல்கிற பதிலைத்தான் இவனுக்கும் சொல்லியிருக்கிறாள்: "கடலுக்குப் போனாருங்க. இன்னும் வரலை."

"தகவல் குடுத்தவங்களே வந்து எழுதிக் குடுக்கணும்" என்றார் எழுத்தரம்மா. "காணாமப் போனது யாருன்னு தெளிவா இருக்கணும். அஞ்சு மணிக்கு நான் பீரோவைப் பூட்டிடுவேன். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்லைங்க."

இடுப்பு வலியை மறந்து ஐஸ்காரர் ஓடினார்.

விடுதியின் பின்கட்டில் வெள்ளை விரிப்புகள் வரிசையாகக் காய்ந்தன. மாடிப்பெண் வாயில் கிளிப்பைக் கவ்விக்கொண்டு ஒன்றை உதறிக்கொண்டிருந்தாள். எதைச் சொல்லி ஆரம்பிப்பது? அவள் புருஷன் போன படகின் ஒரு பலகைகூடக் கரை சேரவில்லை. ஊர் அதை வைத்து முடிவு கட்டிவிட்டது. அவள் அதையே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். கீழ்வாசல் கேட்டின் பூட்டு துருவேறிச் சண்டித்தனம் செய்தாலும் மாற்ற விடமாட்டாள். அதன் இன்னொரு சாவி புருஷனின் இடுப்புக் கயிற்றில் இருக்கிறது. "இந்தச் சனியனை மாத்தித் தொலைக்கணும்" என்று ஐஸ்காரர் தினமும் புலம்புவார், மாற்றமாட்டார். அப்படிப்பட்டவளிடம் போய், காணாமப் போயிட்டான்னு எழுதிக் குடும்மா என்று எந்த வாயால் கேட்பது?

கேட்டார். வேறு வழியில்லாமல் கேட்டார். கேட்கும்போதே தன் மேல் அவருக்கு வெறுப்பாக இருந்தது.

அவள் கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள். "நான் வரலைன்னுதானே அண்ணே சொன்னேன்?"

"தெரியும்மா."

"காணாமன்னு நான் சொல்லவே இல்லை."

"தெரியும்மா. அந்தக் கூறுகெட்டவன் எழுதினது."

"எழுதலேன்னா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

எழுத்தரம்மாவின் மேஜையில் குனிந்து அவள் எழுதினாள். முதலில் 'எங்கள் வீட்டுக்காரர்' என்று எழுதினாள். "ஐயோ, மறுபடியும் அதே கூத்தா? கணவர்னு போடுங்கம்மா" என்றார் எழுத்தரம்மா. அடித்துவிட்டுக் கணவர் என்று போட்டாள். 'கடலுக்குப் போனார். இன்னும் வரவில்லை' என்று முடித்தாள்.

எழுத்தரம்மா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட பெண்மணி இல்லை அவர். குரல் தானாகவே இறங்கியது.

"இன்னும்னு எழுதினா, வரப்போறாருன்னு அர்த்தம்மா. அப்போ வீட்ல குடியிருக்கற கணக்குல அவரும் சேருவாரு. அவர் கையெழுத்து இல்லாம உரிமம் குடுக்க முடியாது. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடிச்சிடுங்க."

சுவர்க் கடிகாரத்தை ஐஸ்காரர் பார்க்காமல் இருக்க முயன்றார், முடியவில்லை. 'நான் அடிச்சிடறேன்' என்று சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.  ஒரு வருஷமாக அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்த சொல் அது. அதை அடிக்க அவர் யார்?

மாடிப்பெண் பேனாவைக் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு, "பாப்பா ஸ்கூல் விட்டு வந்திருப்பா" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். அந்தச் சொல்லின் மேல் கோடு போட்டாள். மெல்லிய கோடுதான். எழுத்தரம்மா அது போதும் என்று கோப்பில் சேர்த்தார்.

உரிமம் கைக்கு வந்தது. வாசலில் மாட்டி வைக்க வேண்டுமாம். குடியிருப்போர் இருவர் என்று அச்சில் இருந்தது. ஐஸ்காரர் அதை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். மாதக்கணக்கில் அலைந்து வாங்கிய காகிதம், சந்தோஷம் மட்டும் வரவில்லை.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். கீழ்வாசல் கேட்டில் அவர் சாவியை நுழைத்தார். வழக்கம்போலப் பூட்டு திமிறியது. வழக்கம்போல வாய்க்கு வந்த வசவை அவர் விழுங்கிக்கொண்டார்.

அவள் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திடுங்க அண்ணே" என்றாள்.

எத்தனையோ முறை கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. இப்போது கேட்டதும் ஐஸ்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு பூட்டை உள்ளங்கையில் ஏந்தினார்.

"எதுக்கும்மா மாத்தணும்? கொஞ்சம் எண்ணெய் விட்டா இன்னும் கொஞ்ச நாள் வரும்" என்றார்.