தபால்காரர் வீட்டு ரகசியம்

அந்த ஊரில் எது வேண்டுமானாலும் கிடைக்கும், ரகசியம் மட்டும் கிடைக்காது. ஒரு கோடியில் இருப்பவர் தும்மினால் மறு கோடியில் இருப்பவர் வெந்நீர் வைத்துவிடுவார்.

இருபத்தெட்டு வருடமாக அந்தத் தெருக்களில் கடிதம் கொடுக்கும் தபால்காரருக்கு இது தெரியாததல்ல. அடுத்த வீட்டுச் சங்கதி எதுவும் அவர் வாயிலிருந்து கசிந்ததில்லை. ஆனால் அவருடைய சொந்தச் சங்கதி மட்டும் அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். காரணம், மனைவி தையல்காரி. துணி தைக்க வருகிறவர்கள் துணியை மட்டுமா கொண்டு வருகிறார்கள்?

அவளும் லேசுப்பட்டவள் அல்ல. உதட்டில் நாலைந்து குண்டூசிகளை இடுக்கிக்கொண்டு, ஒன்றுகூட விழாமல் ஊர்க்கதை பேசுவாள். கல்யாணமான புதிதில் அவர் ஆசையாக ஒளித்துக் கொண்டுவந்த கைக்கடிகாரத்தை, "பட்டை கொஞ்சம் சின்னதாமே" என்று கேட்டு வரவேற்றாள். அவர் முகம் சுண்டிவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. ஒரு தடவையாவது அவள் அசந்து போய் நிற்பதைப் பார்த்துவிட வேண்டும்.

போன மாதம் ஒரு நாள் அவள் தையல் மிஷினை விட்டு எழுந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "இத்தனை வருஷமா மிதிக்கிறேன், ஒரு அடிகூட நகரல" என்றாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது. பத்து வயதில் மாமாவின் நீலச் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையனான அவரைக் கேரியரில் ஏற்றி, வாய்க்கால் கரையில் பறந்தவள் அவள். வளைவில் சைக்கிளோடு இருவரும் தண்ணீருக்குள். நீந்திக் களைத்து, சிரித்துக்கொண்டே வீடு திரும்பினால் செய்தி முந்திக்கொண்டிருந்தது. இரண்டு அம்மாக்களும் ஒரு கையில் துண்டும் மறு கையில் குச்சியுமாக நின்றார்கள். வாங்கிய அடி மறந்துவிட்டது. அந்த மத்தியானம் இன்னும் மறக்கவில்லை.

சைக்கிள் கடைக்காரர் கூடப் படித்தவர். நாலாம் வகுப்பிலிருந்தே பட்டப்பெயர் ரேடியோ. அவரிடம் போயா ரகசியம் சொல்வது? ஆனால் ஊரில் வேறு சைக்கிள் கடை இல்லை.

"பழைய லேடீஸ் சைக்கிள் ஒண்ணு தேத்திக் குடு. நீலப் பெயிண்ட். அவ பொறந்தநாளைக்கு. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?" என்றார் ரேடியோ. தெரிந்ததுதான் தொல்லை.

மறுநாளே டீக்கடைக்காரர், "நீலம்னா வெளிர் நீலமா, கரு நீலமா?" என்று விசாரித்தார். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா கடிதத்தை வாங்கிக்கொண்டு, "முன்னாடி ஒரு கூடை வைங்க, துணி எடுத்துட்டுப் போக வசதி" என்றார். தபால்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். போச்சு, இந்தத் தடவையும் போச்சு.

வீட்டில்தான் ஓர் அதிசயம் நடந்தது. சொன்ன தேதிக்குத் துணி கொடுத்துப் பழக்கமே இல்லாத மனைவி, பதினைந்து நாளாக எல்லாவற்றையும் முன்கூட்டியே தைத்து அடுக்கினாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை மிஷின் கடகடவென்று ஓடியது. ஊர்க்கதைப் பேச்சையே காணோம். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

பிறந்தநாள் காலையில் அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். ஜன்னலுக்கு ஒரு தலையாகத் தெருவே எட்டிப் பார்த்தது. 'தெரியுமே' என்பாள், வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, "கொஞ்சம் வெளிய வாயேன்" என்றார்.

உதட்டில் குண்டூசிகளோடு வந்தாள். சைக்கிளைப் பார்த்தாள். வாய் பிளந்தது. குண்டூசிகள் அத்தனையும் வாசலில் உதிர்ந்தன.

"உனக்குத் தெரியாதா?" அவரால் நம்ப முடியவில்லை. "ஊருக்கே தெரியுமே."

"ஏதோ இருக்குன்னு தெரியும். ரேடியோ பொண்டாட்டிதான் முதல்ல வந்தா. 'உங்க வீட்டுக்காரர் உங்களுக்கு ஒரு'ன்னு ஆரம்பிச்சா. அப்ப மிதிக்க ஆரம்பிச்சவதான். யார் வந்து வாயைத் திறந்தாலும் மிதி. அந்தச் சத்தத்துல ஒண்ணும் காதுல விழல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், ஒரு தடவையாவது நீங்க ஜெயிக்கட்டுமேன்னு."

அரை நாள் ஊர்க்கதை இல்லையென்றால் சோறு இறங்காதவள், முழுசாகப் பதினைந்து நாள் பட்டினி கிடந்திருக்கிறாள். தபால்காரர் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், கீழே உட்கார்ந்து குண்டூசி பொறுக்க ஆரம்பித்தார்.

அவள் அதற்குள் சீட்டில் உட்கார்ந்து மணியை இரண்டு தடவை அடித்துப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க'வைத் தவிர வேறெதுவும் சொல்லி அவரைக் கூப்பிட்டதில்லை அவள்.

"டேய், ஏறு" என்றாள்.

அவர் கேரியரில் ஏறிக்கொண்டார். சைக்கிள் கொஞ்சம் ஆடி, பிறகு நிமிர்ந்து, வாய்க்கால் பக்கம் திரும்பியது. எதிர்வீட்டு அம்மா எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு துண்டுகளை எடுத்து வைத்தாள்.