வரதராஜன்பேட்டையில் கேட்கும் பியானோ

பூலாம்பாடியில் தமிழழகன் வாசிக்கிற பியானோ வரதராஜன்பேட்டையில்தான் கேட்கும். இடையில் இருக்கிற பெரம்பலூருக்கோ அரியலூருக்கோ ஒரு சுரம்கூட விழாது. நேராகப் போய், மலர்கொடி அங்கே நடத்துகிற முந்திரி உடைக்கும் கொட்டகையின் கூரை மேல் கொட்டிவிடும். கோலாலம்பூரில் ஓட்டல் வேலைக்குப் போனவன், பாத்திரம் கழுவிய நேரம் போக ஜாஸ் கற்றுக்கொண்டு, அதே ஓட்டலில் சில வருஷம் கோட்டுப் போட்டு வாசித்துவிட்டு, ஊர் திரும்பும்போது எல்லாரையும் போலத் தைலமும் போர்வையும் வாங்கி வராமல் ஒரு பியானோவைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தான். லாரியிலிருந்து இறக்கியதும் தெருவே கூடி நிற்க, உட்கார்ந்து வாசித்தான். விரல் ஓடியது, தோள் குலுங்கியது, வேர்வை வழிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. கப்பலில் உப்புக்காற்று அடித்திருக்கும் என்று அவன் அப்பா அய்யம்பெருமாள், களத்தில் மக்காச்சோளத்தோடு சேர்த்து அதையும் வெயிலில் காயவைத்துப் பார்த்தார். மக்காச்சோளம் காய்ந்தது.

ஜாஸ் என்றால், ஒரே பாட்டை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வாசித்துவிட்டு அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் இருப்பது. தமிழழகன் அப்படித்தான் தினமும் காலையில் குளித்து, விபூதி பூசி, உட்கார்ந்து வாசித்தான். சொந்தமாகவும் பாட்டுக் கட்டினான். ஒன்றும் அவன் காதுக்கு வரவில்லை. கோலாலம்பூரில் ஒரு கூடமே கைதட்டிக் கேட்ட வாசிப்பு இப்போது இருக்கிறதா செத்துவிட்டதா என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்காதா என்பதே அவன் கவலை. தெருவுக்கு வேறு கவலை: பெண் கொடுப்பதாக இருந்த இரண்டு குடும்பங்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டன.

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், மாப்பிள்ளை கூடப் படித்தவன் என்பதால், அவனைப் பியானோவோடு வந்து வாசிக்கச் சொன்னார்கள். மைக் செட் வேல்முருகன் ஒயரை மாற்றினார், பெட்டியை மாற்றினார், கடைசியில் கோபத்தில் உதவியாளையே மாற்றினார். பந்தி முடியும்வரை தமிழழகன் மௌனமாக வாசித்தான். அன்றைக்கு அதே நேரத்தில் வரதராஜன்பேட்டைக் கொட்டகையில் வறுத்துப் போட்டிருந்த முந்திரி அத்தனையும் உடைசலாகப் போனது. அந்தக் கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்திருந்த ரெங்கம்மாள் அங்கே கொட்டை உடைக்கிறவள். மறுநாள் வேலைக்குப் போய் விஷயத்தைக் கேட்டவள், கொட்டை தட்டும் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, நம்ம கூரையில கொட்டுற ஆள நான் நேருலயே பாத்துட்டேன். பூலாம்பாடி."

மலர்கொடி அன்றைக்கே பஸ் ஏறினாள். ஜெயங்கொண்டம், அரியலூர், பெரம்பலூர் என்று மாறி மாறி வந்து சேர்ந்தபோது வாசலில் தமிழழகனின் அம்மா சிந்தாமணி சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இங்க பியானோ வாசிக்கிறவரு வூடு இதாங்களா?"

"வாசிக்கிறவன்னு யாரும் இல்லம்மா. தடவுறவன் ஒருத்தன் இருக்கான். உள்ள போ."

மலர்கொடி உள்ளே போன வேகத்தில் கேட்டாள்: "ஏன் தம்பி, உனக்கு நாங்க என்னய்யா கெடுதல் பண்ணோம்? கொட்டகைல ஒரு முழுப்பருப்பு தேறல. உடைசல எவன் வாங்குவான்? இத்தன பொம்பளைங்களயும் வூட்டுக்கு அனுப்பிட்டுக் கொட்டகைய மூடவா?"

தமிழழகன் எழுந்து நின்றுவிட்டான். "அக்கா, உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குதாவா? ஆலங்கட்டி மாதிரி விழுவுது!"

"எப்படிக்கா இருக்கு?"

சண்டைக்கு வந்தவள் சற்று யோசித்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவள் வழக்கமில்லை. "நேத்து நல்லாத்தான் எடுத்த. நடுவுல எங்கியோ போயிட்ட. நீ திரும்பி வர்றதுக்குள்ள எங்க கை ரெண்டு தட்டுத் தட்டிடுச்சு, பருப்பு போச்சு. ஒழுங்கா வாசி, இல்ல நிறுத்து."

ஒழுங்காக வாசித்தால் அது ஜாஸ் இல்லை; நிறுத்தினால் உலகத்தில் அவனைக் கேட்கிற ஒரே கூட்டமும் இல்லை. தமிழழகன் பியானோவை மூடிவிட்டு அவள் கூடவே பஸ் ஏறினான். தெரு இதைப் பலவிதமாகப் பேசிப் பார்த்தது. மலர்கொடிக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்று தெரிந்ததும் பேச்சில் ருசி போய்விட்டது.

கொட்டகையில் ரெங்கம்மாளுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, எண்ணெய் ஒட்டாமலிருக்க விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, அவனும் கொட்டை உடைத்தான். முதல் தட்டில் கொட்டை அசங்க வேண்டும், அடுத்த தட்டில் வாய் பிளக்க வேண்டும், பிறகு நகத்தால் பருப்பை எடுக்கிற இடத்தில் ஒரு மூச்சு இடைவெளி. அந்த இடைவெளி ஆளுக்கு ஆள் வேறு. காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வந்த நாளில் வேறொன்று. கோட்டுப் போட்ட காலத்தில்கூட இவ்வளவு சுத்தமான ஜாஸை அவன் கண்டதில்லை. "பாத்து தட்டு தம்பி, அது ஒன் பொட்டி இல்ல" என்று ரெங்கம்மாள் அவன் கையிலும் ஒரு தட்டுத் தட்டினாள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து ஊர் திரும்பினான். உரிந்த விரலோடு ஒரு பாட்டுக் கட்டினான்.

அந்தப் பாட்டு கூரையில் விழுந்த முதல் நாளே பருப்பெல்லாம் முழுசாக வந்தது. கொட்டையும் முழுசாகவே இருந்தது. ஓட்டில் ஒரு கீறல் இல்லை, உள்ளே பருப்பும் இல்லை. பண்ருட்டி வியாபாரி ஒரு கொட்டையைக் காதோரம் ஆட்டிப் பார்த்து, உடைக்காமல் எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டார். "தாளத்துல எடுத்தோம்" என்றாள் மலர்கொடி. அவர் தலையாட்டிவிட்டு எடை போட்டார். இப்போது ஜெயங்கொண்டம் பக்கம் தாளப்பருப்பு என்று கேட்டால் கடையில் கொடுக்கிறார்கள்.

தன் பாட்டைத் தானே கேட்க முடியவில்லையே என்று தமிழழகனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. ஒரு நாள் வாசிக்கும்போது மலர்கொடியைப் போனில் கூப்பிட்டு, போனைக் கொட்டகை நடுவில் வைக்கச் சொல்லி, தன் போனைப் பியானோ மேல் சத்தமாக வைத்துக்கொண்டான். பியானோ போனிலும் வரவில்லை. அங்கே பெண்கள் கொட்டை தட்டும் கட்டைகள்தான் வந்தன. முதலில் கசமுசவென்று இருந்தது. பிறகு அவன் இடது கை போகிற வழியில் அவை கூடவே நடந்தன, வலது கை துள்ளினால் தள்ளி நின்று வழிவிட்டன. பெண்களின் தட்டலுக்கு நடுவே, தட்டாமல் விட்ட இடங்களிலெல்லாம், தன் பாட்டு எப்படி இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. சிந்தாமணி வெங்காயத்தை விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றாள். ஜன்னலில் தெரு நின்றது. அவை தன் பாட்டைத்தான் கேட்டு வருகின்றனவா என்ற சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளக் கடைசிக் கட்டத்தில் விரல்களைத் தூக்கி, அவன் இறக்காமல் வைத்திருந்தான். அந்தப் பக்கம் அத்தனை கட்டைகளும் நின்றுபோயின. அவன் இன்னும் கொஞ்சம் வைத்திருந்தான்.

"எறக்கித் தொல தம்பி!" என்று போனில் மலர்கொடி கத்தினாள். "தூக்குன கை வலிக்குது!"

அவன் இறக்கினான். அங்கே அத்தனையும் ஒன்றாக விழுந்தன. தெரு முதல் தடவையாகக் கைதட்டியது. கொஞ்சம் பிந்தித்தான் தட்டியது, ஆனால் பழகப் பழகச் சரியாகிவிடும் என்று சிந்தாமணி சொல்லிவிட்டு வெங்காயத்துக்குப் போனாள்.