அண்ணன் சொன்ன காரணம்

வாஹித் பாஷாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனது. அதன் பிறகு அவரைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டுத்தான் தம்பி அப்துல் ஹமீத் வேலைக்குக் கிளம்புவார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். மாலையில் அவர் திரும்பும்வரை அண்ணனைக் கவனிப்பது மனைவி நசீமுன்னிசாவின் பொறுப்பு.

வாஹித் பாஷா கல்யாணம் செய்துகொள்ளாதவர். தோல் தொழிற்சாலையில் உழைத்துத் தம்பியைப் படிக்கவைத்தவர். தலையில் முக்காடு இல்லாமல் தன் முன்னால் வராத தம்பி மனைவி, இப்போது தன்னைச் சுத்தம் செய்யவேண்டியிருப்பது அவரைக் கூசவைத்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பகலில் தண்ணீர் குடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார். நசீமுன்னிசா டீ கொண்டுபோனால், அப்புறம் குடிக்கிறேன் என்பார்.

கோடையில் காய்ச்சல் வந்து நினைவு தப்பியது. தண்ணீர் இல்லாமல் சிறுநீரில் தொற்று என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வீட்டில் இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்தது. கவனிக்க ஆண்களை வைத்துப் பார்த்தார்கள், ஒருவரும் நிலைக்கவில்லை. அவரைத் தூக்கித் தூக்கி நசீமுன்னிசாவுக்கு இடுப்பு போய்விட்டது. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துவிட்டு வந்த ஹமீத், தலையைக் குனிந்துகொண்டே அண்ணனிடம் சொன்னார்.

“அங்க ஆம்பளைங்க பாத்துக்குவாங்களா?” என்று மட்டும் வாஹித் பாஷா கேட்டார். ஆமாம் என்றதும் சரி என்றார்.

கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, சக்கர நாற்காலியில் அண்ணனை மசூதிக்கு அழைத்துப்போனார் ஹமீத். தொழுகை முடிந்ததும் அதே தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் இஷ்தியாக் அகமது அருகில் வந்தார். கூடப்பிறந்தவன் இருக்கும்போது இல்லம் எதற்கு என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டார்.

ஹமீத் வாய் திறப்பதற்குள் அண்ணன் குழறலாகப் பேசினார். “நான்தான் கேட்டேன். என் வயசு ஆளுங்க இருக்காங்க, பேச்சுத்துணைக்கு ஆகும். இவன் வேணாம்னுதான் சொன்னான்.”

அப்படி இல்லை என்று அங்கேயே ஹமீத் சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோருடைய பார்வையும் தன்மேலிருந்து விலகியதில் அவருக்கு ஒரு நிம்மதி. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். போனில் கேட்ட சொந்தக்காரர்களிடமும் பிறகு அண்ணன் சொன்ன காரணத்தையே சொன்னார்.

இல்லத்தில் வாஹித் பாஷாவின் உடம்பு தேறியது. ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்க்க வரும் தம்பி கிளம்பும் நேரத்தில் அவருடைய கையை விடமாட்டார். ரம்ஜான் நெருங்கியபோது, பக்கத்துத் தெருவில் இருந்த, ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆண் ஒருவர் பகல் முழுவதும் கூட இருக்கச் சம்மதித்தார். அவரைத் தேடிப் பிடித்தது நசீமுன்னிசாதான். புருஷன் பெண்சாதி இருவருமாக அண்ணனை அழைத்துவரப் போனார்கள்.

விஷயத்தைக் கேட்டதும் வாஹித் பாஷாவின் கண் கலங்கியது. 

“வர ஆசைதான். இன்னான்னு சொல்லிட்டு வர்றது? நானே கேட்டுப் போனேன்னு சொல்லியாச்சு. இப்ப திரும்பி வந்தா அது பொய்னு ஆயிடும், அப்ப அனுப்பினது யாருன்னு கேப்பாங்க. உன் பேர் கெட்டுப்போகும்.”

“கெட்டா கெட்டுப்போகட்டும் பாய்ஜான்” என்றார் ஹமீத்.

அண்ணன் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். நசீமுன்னிசா எவ்வளவோ கெஞ்சியும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹமீத் இஷ்தியாக் அகமதுவைத் தேடிப்போய் உண்மையைச் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை, தான்தான் அனுப்பியது என்றார். அவரோ ஹமீதின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அண்ணனைப் பிரிந்த வருத்தத்தில் பழியை நீயே போட்டுக்கொள்கிறாய், உன்னைப்போல் ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார். ஹமீத் திரும்பவும் சொல்லிப்பார்த்தார். அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது.